ஒப்பந்தத்தில் இல்லாத வயிறு

காய்கறிக்காரர் தராசில் நிறுத்தோம்.
எழுநூற்று இருபது கிராம்.
"இன்னும் நாலு கத்திரிக்காய் போட்டா கிலோ" என்றார்.
அதற்குள் தட்டிலிருந்து இறங்கி
அவருடைய மல்லிக்கட்டுக்குள் தலையை விட்டிருந்தது.

பொமரேனியன் என்று சொல்லி விற்றார்கள்.
பஞ்சு என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.
சுண்டு என்று பெயர் வைத்தவன் புகழேந்தி.
மீனம்பாக்கத்தில் இரவெல்லாம் சரக்குப் பெட்டிகளை எண்ணிவிட்டு
விடிந்ததும் வந்து
சுண்டுவிரலை அதன் வாயில் கொடுத்துத் தூங்கிவிடுகிறான்.
கடிபடுவது தெரியாது.

டாக்டர் நிருபமா
மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதித் தந்தார்.
நாலு வேளை: ஆறு, பதினொன்று, நாலு, ஒன்பது.
பசும்பால் வேண்டாம், பேதியாகும்.
திராட்சை, வெங்காயம் கண்ணிலேயே காட்டக்கூடாது.
குட்டித் தீனி வெந்நீரில் ஊறி விரலில் மசிய வேண்டும்.
கூடவே, வெந்த முட்டை மஞ்சள், பாதி.
"சின்ன ஜாதி பாருங்க,
ஒரு வேளை தப்பினாலும் சர்க்கரை இறங்கித் துவண்டுடும்."

சின்ன ஜாதி என்றதும்
நான் ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
நாயைத்தான் சொன்னார்.

முட்டை.
நங்கநல்லூரில் மாடி வீடு,
பத்து மாத அட்வான்ஸ்,
ஒப்பந்தத்தில் ஏழாவது வரி: சைவம் மட்டும்.
கையெழுத்துப் போட்டது நாங்கள் இருவர்.
மூன்றாவது வயிறு அன்றைக்குப் பிறந்திருக்கவில்லை.

சுரங்கப்பாதை தாண்டிப் பழவந்தாங்கலில்
ஒன்றே ஒன்று வாங்கினேன்.
கடைக்காரர் இரண்டு முறை கேட்டார், ஒண்ணா என்று.
கைக்குட்டையில் சுற்றி, டிபன் பாக்ஸுக்குள் வைத்து,
மழைக்குக் குடை பிடிக்காமல்
அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.
சாதத்தோடு குக்கரில் வைத்தால் வாசம் வராது என்றாள்
ஆபீஸில் தேன்மொழியாள்.
வந்தது.
சாம்பிராணி போட்டேன்.
இப்போது இரண்டும் சேர்ந்து வந்தது.

ஓடு ஹேண்ட்பேக்கில் ஏறி
மின்ரயிலில் குரோம்பேட்டை வரை போய்
பிளாட்பாரத் தொட்டியில் விழுந்தது.
தினம் ஒன்று.
பாதி மஞ்சள் சுண்டுவுக்கு.
மீதிப் பாதியும் வெள்ளையும் யாருக்கு என்று
சீட்டில் எழுதவில்லை.
இரண்டு வருஷம் கழித்து,
ஃப்ரிட்ஜ் கதவு வெளிச்சத்தில்,
உப்புகூட இல்லாமல், நின்றபடி.

அது சாப்பிடும்போது
பின்னங்கால் இரண்டும் தரையை விட்டு எழும்புகின்றன.
கிண்ணம் நகர, பின்னாலேயே நகர்ந்து
சுவரில் முட்டிய பிறகுதான் மென்று விழுங்குகிறது.
முடிந்ததும் கிண்ணத்துக்குள் ஏறிப் படுத்து
வயிற்றைக் காட்டுகிறது,
எலுமிச்சம்பழம் விழுங்கியது போல்.
ஒரு ராத்திரி ஒன்பது மணித் தீனி பத்தரைக்கு ஆனது.
கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டது.
ஈறில் தேன் தடவினேன்.
நக்கும்வரை நான் மூச்சு விட்டேனா, தெரியவில்லை.

கீழ்வீட்டு ரமாமணி மாமி
மாடிப்படியில் கேட்டாள்:
"குட்டிக்கு என்ன குடுக்கறே?"
"தயிர் சாதம்."
சுண்டு மீசையை நக்கிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு
கையில் எவர்சில்வர் டப்பாவோடு வந்து நின்றாள்.
"தாளிக்கலை. உப்பும் போடலை."
கிண்ணத்தில் வைத்தாள்.
சுண்டு முகர்ந்தது.
அவளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.
நேரே சமையலறைக்குப் போய்
அடுப்புக்குக் கீழே உட்கார்ந்து
மேலே பார்த்தது.

மூடிய பாத்திரத்துக்குள்
டொக்.
டொக் டொக்.
மேலே ஒரு விமானம் போனது, போதவில்லை.
டொக்.

மாமி முந்தானையில் கையைத் துடைத்தாள்.
படியிறங்கத் திரும்பினாள்.
"அணைச்சுடு" என்றாள் முதுகைக் காட்டியபடி,
"ரொம்பக் கொதிச்சா மஞ்சள் கறுத்துடும்."

தயிர் சாதத்தை
ராத்திரி நான் சாப்பிட்டேன்.
உப்பு மட்டும் போட்டுக்கொண்டேன்.
நல்ல தயிர்.